பதினான்கு சொல் தூரம்

ரோட்டர்டாமில் ஆறாவது மாடி.
மாஸ் ஆறு தெரியும், ஜன்னல் திறக்காது.
முப்பத்தெட்டு லட்சம் ஆவணங்கள்.
படிக்க வேண்டாம், தேடினால் போதும் என்றுதான்
மணிக்கு இவ்வளவு எனச் சம்பளம்.

முதல் நாளே டீயூனிஸ் சொன்னான்:
'வால்வு' என்று மட்டும் தேடாதே, மூழ்கிப்போவாய்.
'தெரியும்' என்றும் தேடாதே,
இந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.
இரண்டையும் சேர்த்துப் போடு.
நடுவே எத்தனை சொல் வரலாமென்று
ஓர் எண்ணைக் கொடு.

ஐந்து கொடுத்தேன்.
மூன்று வந்தன.
காபி இயந்திரத்தின் வால்வு ஒன்று:
ஒழுகுவது தெரியும், ஆள் வரச் சொல்லியாயிற்று.
கணக்குப் பிரிவில் ஒருவரின் இதய வால்வு ஒன்று:
செவ்வாயன்று அறுவை, அனைவருக்கும் தெரியும்,
பூங்கொத்துக்கு ஆளுக்கு இரண்டு யூரோ.
மூன்றாவது, பயிற்சிப் படிவம்.
வால்வை மூடத் தெரியும் என்று
கீழே ஃபெரித்தின் கையெழுத்து,
'த்'தின் புள்ளி போல ஒரு மைத்துளி சிதறி.
ஃபெரித் ஏப்ரலில் இறந்தான்,
ஒன்பதாம் தொட்டிக்குப் பக்கத்தில், ராதோஸ்லாவோடு.

ஐம்பது கொடுத்தேன்.
பதினோராயிரம்.
ஐம்பது சொல் தூரத்தில்
யாரும் யாருக்கும் அண்டை வீட்டார்தான்:
ரொட்டி விலை, பனிமூட்டம், சங்கக் கூட்டம்,
எங்கோ ஒரு வால்வு, எவருக்கோ ஏதோ தெரியும்.

எண்ணைக் குறைத்தேன், கூட்டினேன்,
வானொலியில் நிலையம் பிடிப்பது போல.
எங்கள் மொழி வேறு
வினையை வாக்கியத்தின் கடைசிவரை
கைக்குள் மூடியே வைத்திருக்கும்.
பொறுப்பாளிகளுக்கு வாகான இலக்கணம்.

பதினான்கில் வந்தது அது.
மின்னஞ்சல். இரவு 11.52.
இயந்திரம் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டியது:

ஒன்பதாம் தொட்டி வால்வு … குளிர்காலச் சோதனை
… … பழுது … மார்ச் மாதமே … … தெரியும்

புள்ளிகள் என்ன என்றேன்.
சில்லறைச் சொற்கள், என்றான் டீயூனிஸ்.
எங்கும் கிடப்பவை, தேடலுக்கு உதவாதவை,
முதலிலேயே எழுப்பி வெளியே அனுப்பிவிடும்.
ஆனால் நாற்காலியை எடுக்காது.
காலி நாற்காலியையும் சேர்த்துத்தான் தூரம்.

அந்தக் கடைசி இரண்டு நாற்காலிகளை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் மொழியில் 'இல்லை' தனியே நிற்கும் சின்னச் சொல்.
அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு.
உட்கார்ந்திருந்தது அதுவானால்
ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது,
வழக்கும் இல்லை.

மூலம் திறக்க நேரமெடுத்தது.
டீயூனிஸ் ஆரஞ்சு உரித்து முடித்திருந்தான்.
அந்த இரண்டு நாற்காலிகளில் இருந்தவை:
*எங்கள் எல்லோருக்கும்.*

'எல்லோரும்' கூடச் சில்லறையா, என்றேன்.
மிக அதிகமாக வரும் சொல், என்றான்,
தோலைக் காகிதத்தில் பொதிந்தபடி.

மஞ்சள் குறியிட்டு மேலே அனுப்பினேன்.
கோட்டை மாட்டியபின் மறுபடி உட்கார்ந்து
எவரும் கேட்காத ஒன்றைத் தட்டினேன்.
'ஃபெரித்', 'வருந்துகிறோம்'.

ஐந்து: இல்லை.
ஐம்பது: இல்லை.
ஐந்நூறு: ஒன்று.

ஏப்ரல் இரண்டாம் வார அறிவிப்புத் தாள்.
வெள்ளிக்கிழமை உணவகத்தில்
பட்டாணி சூப் கிடையாது, வருந்துகிறோம்.
அங்கிருந்து நானூற்றுப் பன்னிரண்டு சொல் தள்ளி,
இரவுப் பணி, ஒன்பதாம் தொட்டி:
ராதோஸ்லாவ்,
ஃபெரித்.